பழைய லேப்டாப்பை வாங்கும் முன் லினக்ஸ் கட்டளைகளால் அதன் வன்பொருளைச் சோதித்தறியும் முறை

பழைய லேப்டாப் ஒன்றை வாங்கப்போகும் ஒருவருக்குக் கிடைக்கும் தகவல் பெரும்பாலும் அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் விற்பவர் சொல்லும் ஒற்றை வரியும்தான். ‘ஐ5 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி’ என்னும் அந்த வரி உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அது எத்தனையாவது தலைமுறை ஐ5, ரேம் ஒரே ஸ்லாட்டில் இருக்கிறதா இரண்டில் இருக்கிறதா, எஸ்எஸ்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பேட்டரி இன்னும் எவ்வளவு தாங்கும் என்ற கேள்விகளுக்கு அதில் விடையில்லை. இவற்றுக்கான விடைகள் அந்த இயந்திரத்துக்குள்ளேயே இருக்கின்றன. லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவும் சில கட்டளைகளும் கைவசம் இருந்தால், அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே அமர்வில் தெரிந்துகொண்டுவிடலாம்.

கட்டளைகளை மனப்பாடம் செய்வதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வன்பொருளைப் பட்டியலிடும் கட்டளைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து தகவல் எடுப்பதில்லை. சில கட்டளைகள், கணினியைத் தயாரித்த நிறுவனம் பயாஸில் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) எழுதிவைத்த அட்டவணையைப் படித்துச் சொல்கின்றன. சில, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் தானே தேடிக் கண்டுபிடித்ததைச் சொல்கின்றன. வேறு சில, ஹார்ட் டிஸ்க் போன்ற ஒரு பாகம் தன்னைப் பற்றித் தானே எழுதிவரும் பதிவேட்டைக் கேட்டு வாங்கித் தருகின்றன. வீட்டுப் பத்திரத்தைப் படிப்பதும் வீட்டுக்குள் நுழைந்து சுவரைத் தட்டிப் பார்ப்பதும் ஒன்றல்ல. எந்தக் கட்டளை யாரைக் கேட்டுச் சொல்கிறது என்று தெரிந்தால்தான் அதன் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று முடிவுசெய்ய முடியும். அந்தக் கேள்வியை ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டே செல்வோம்.

முதலில் ஆயத்தம். உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்கி, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். லேப்டாப்பை அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, நிறுவாமல் முயன்றுபார்க்கும் தேர்வை எடுத்தால், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. இதை விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கூடுதல் மென்பொருள்கள் சிலவற்றை நிறுவ வேண்டியிருக்கும் என்பதால் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டையும் தயாராக வைத்திருங்கள். மெய்நிகர் கணினிக்குள் இயங்கும் லினக்ஸில் இந்தக் கட்டளைகளை ஓட்டிப் பயனில்லை. அங்கே தெரிவது அந்த மென்பொருள் புனைந்து காட்டும் வன்பொருள் மட்டுமே.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கட்டளைகளை அடிப்பதற்கான சாளரமான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடிக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளின் பெயர்களைச் சேர்த்து எழுதியிருக்கும் இடங்களில், அவற்றை இடைவெளியின்றி அப்படியே அடிக்கவும். தமிழ் ஒலிப்பு குழப்பக்கூடிய இடங்களில் ஆங்கில வடிவத்தை அடைப்புக்குறிக்குள் தருகிறேன்; அங்கே அதை மட்டும், அடைப்புக்குறி இல்லாமல் அடித்தால் போதும்.

டெர்மினலைத் திறந்ததும் முதலில் கொடுக்க வேண்டிய கட்டளை இது:

சூடோ எல்எஸ்ஹெச்டபிள்யூ -ஷார்ட் (sudo lshw -short)

லியோனல் வின்சென்ட் என்பவர் எழுதிய இந்தக் கருவி, கணினியில் இருக்கும் பாகங்களை ஒரு மரத்தின் கிளைகளைப் போல் வரிசைப்படுத்தி நான்கு பத்திகளில் காட்டுகிறது: பாகம் இருக்கும் பாதை, கெர்னல் அதற்கு வைத்த பெயர், அது சேர்ந்த வகுப்பு, விவரம். கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சூடோவை முன்னால் போடாமல் ஓட்டினால் எச்சரிக்கை ஒன்று வரும். பட்டியலும் வரும், ஆனால் ரேம் ஸ்லாட்டுகள், வரிசை எண்கள் போன்ற முக்கியமான விவரங்கள் விடுபட்டிருக்கும். அரைகுறைப் பட்டியலைப் பார்த்து முடிவெடுப்பது பட்டியலே இல்லாமல் முடிவெடுப்பதைவிட ஆபத்தானது என்பதால், சூடோவை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். பென் டிரைவிலிருந்து இயங்கும் அமர்வில் அது பொதுவாகக் கடவுச்சொல் கேட்காது.

சுருக்கப் பட்டியலைப் பார்த்தபின் ஒவ்வொரு வகுப்பாக விரிவாகப் பார்க்கலாம். ‘-கிளாஸ்’ என்று அடித்து, அதன்பின் ப்ராசஸர், மெமரி, டிஸ்க், நெட்வொர்க், டிஸ்ப்ளே என்பவற்றில் ஒன்றைக் கொடுத்தால் அந்த வகுப்பின் விவரம் மட்டும் வரும். இந்தக் கருவி பயாஸ் அட்டவணையையும் கெர்னல் கண்டுபிடித்தவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே பட்டியலாகத் தருகிறது. பார்க்க வசதியாக இருக்கும் இந்தக் கலவையே அதன் குறையும் ஆகும். எந்த வரி எங்கிருந்து வந்தது என்பது அதில் தெரியாது. ஆகவே இதை வரைபடமாக வைத்துக்கொண்டு, பணம் தொடர்பான ஒவ்வொரு பாகத்தையும் அதற்கென்றே உள்ள வேறொரு கட்டளையால் சரிபார்க்க வேண்டும்.

ப்ராசஸரிலிருந்து தொடங்குவோம். ‘எல்எஸ்சிபியூ’ (lscpu) என்று அடித்தால், சிப் தன்னைப் பற்றிக் கெர்னலிடம் சொன்ன விவரங்கள் வரும். அதில் மாடல் பெயர் உள்ள வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஐ5-7200யூ என்று இருந்தால் அது ஏழாம் தலைமுறை. இரண்டு கோர் (கணக்கிடும் மையம்), நான்கு த்ரெட் (ஒரே சமயத்தில் நடத்தக்கூடிய பணி). ஐ5-8250யூ என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. நான்கு கோர், எட்டு த்ரெட். வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டும் ஐ5 தான். ஆனால் ஒன்றில் கோர்களின் எண்ணிக்கை மற்றொன்றில் உள்ளதைப் போல் இரு மடங்கு. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் அங்கீகரித்த ப்ராசஸர்களின் பட்டியலில் 8250யூ உண்டு, 7200யூ இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸிலேயே வேலை செய்ய நினைப்பவருக்கு இந்த ஒரு வரியே பேரத்தை முடிவுசெய்யக்கூடியது. மாடல் பெயரின் கீழே சாக்கெட், ஒரு சாக்கெட்டுக்கு எத்தனை கோர், ஒரு கோருக்கு எத்தனை த்ரெட் என்ற மூன்று வரிகள் இருக்கும். மேலே காட்டிய மொத்த சிபியூ எண்ணிக்கை, அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் த்ரெட் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் சில கோர்களோ, ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓட்டும் ஹைப்பர் த்ரெடிங்கோ பயாஸில் அணைக்கப்பட்டிருக்கலாம் என்று கொண்டு அங்கே போய்ப் பாருங்கள்.

இங்கே பலரைக் குழப்பும் ஒரு வரி உண்டு. எல்எஸ்ஹெச்டபிள்யூ காட்டும் ப்ராசஸர் விவரத்தில் ‘சைஸ்’ என்ற இடத்தில் 800 மெகாஹெர்ட்ஸ் என்று இருப்பதைப் பார்த்து, மெதுவான சிப்பை ஏமாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அது அந்த நொடியில் சிப் ஓடிக்கொண்டிருக்கும் வேகம். வேலையில்லாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்த அது தன்னைத் தானே குறைத்துக்கொள்கிறது. எட்டக்கூடிய உச்ச வேகம் ‘கப்பாசிட்டி’ என்ற இடத்தில் இருக்கும்.

அடுத்தது ரேம். கட்டளை:

சூடோ டிஎம்ஐடீகோட் -டி மெமரி (sudo dmidecode -t memory)

இது முழுக்க முழுக்கப் பயாஸ் அட்டவணையைப் படிக்கும் கருவி. அந்த அட்டவணையில் இருப்பவை பல நேரங்களில் தவறாகவோ அரைகுறையாகவோ இருக்கும் என்று இந்தக் கருவியின் கையேடே எச்சரிக்கிறது; கருவியை எழுதியவர்களே இப்படிச் சொல்லிவைத்திருப்பதை மதிக்க வேண்டும். ‘மேக்சிமம் கப்பாசிட்டி’ என்ற வரியை நம்பி, இவ்வளவு ரேம் வரை போடலாம் என்று திட்டமிடாதீர்கள். அதற்குத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பே சரியான ஆதாரம். ஆனால் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் இருக்கும் ரேமின் அளவும் வகையும் வேகமும், அந்த ரேம் பலகையிலேயே உள்ள சிறிய சிப்பிலிருந்து பயாஸ் படித்து எழுதியவை என்பதால், அவற்றை ஓரளவு நம்பலாம். 8 ஜிபி என்று சொல்லப்பட்ட இயந்திரத்தில் இரண்டு ஸ்லாட்டிலும் 4 ஜிபி வீதம் இருந்தால், பின்னால் ரேமைக் கூட்ட நினைக்கும்போது இருப்பதில் ஒன்றையேனும் கழற்றிப் போட வேண்டியிருக்கும். ஒரே ஸ்லாட்டில் 8 ஜிபி இருந்து மற்றதில் ரேம் பொருத்தப்படவில்லை என்று வந்தால், கூட்டுவது மலிவு. ஆனால் இப்போதைக்கு ஒற்றைச் சேனலில் (ஒரே தரவுப் பாதையில்) ஓடுவதால் கிராஃபிக்ஸ் வேலைகள் சற்று மந்தமாக இருக்கும். 3200 வேகத்துக்கான ரேம் 2400 வேகத்தில் ஓடுவதாகக் காட்டினால் அதுவும் பழுதன்று. 8250யூ போன்ற சிப் டிடிஆர்4 ரேமை 2400-க்கு மேல் ஓட்டுவதில்லை.

அட்டவணை சொன்னதைக் கெர்னலிடம் கேட்டு உறுதிசெய்ய ‘ஃப்ரீ -ஹெச்’ என்ற கட்டளை போதும். 8 ஜிபி ரேம் உள்ள இயந்திரத்தில் மொத்தம் 7.6 அல்லது 7.7 என்று வருவது இயல்பு. கெர்னலுக்கும் ப்ராசஸரோடு சேர்ந்த கிராஃபிக்ஸுக்கும் ஒதுக்கியது போக மிச்சம் அது. 5.8 போல மிகவும் குறைந்து வந்தால், கிராஃபிக்ஸுக்குப் பயாஸில் அதிகம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ரேமையோ ஸ்லாட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

இனி வருவது ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும். பழைய கணினியில் மற்ற பாகங்கள் கெட்டால் பணம்தான் போகும். இது கெட்டால் படங்களும் ஆவணங்களும் போகும். எனவே இங்கே அவசரப்படக் கூடாது.

‘எல்எஸ்பிஎல்கே’ (lsblk) என்று அடித்தால், இணைந்திருக்கும் டிஸ்க்குகளும் அவற்றின் பகுப்புகளும் வரும். 256 ஜிபி என்று விற்கப்பட்ட எஸ்எஸ்டி இங்கே 238.5 என்றும், 500 ஜிபி டிஸ்க் 465.8 என்றும், 1 டிபி டிஸ்க் 931.5 என்றும் தெரியும். விற்பவர் ஏமாற்றியதால் வந்த குறைவன்று இது. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகிறார்கள், இந்தக் கட்டளை 1024-இன் மடங்குகளில் எண்ணுகிறது. இதே கட்டளையுடன் ‘-டி’ (-t) சேர்த்தால் வரும் ‘ரோட்டா’ என்ற பத்தியில் 1 இருந்தால் சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க் என்றும், 0 இருந்தால் எஸ்எஸ்டி என்றும் கெர்னல் கருதுகிறது. எஸ்எஸ்டி என்று சொல்லி ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தால் இங்கேயே பிடிபடும்.

டிஸ்க்கின் உடல்நிலையை அறிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்னும் தொகுப்பை நிறுவ வேண்டும்:

சூடோ ஏபிடி அப்டேட் (sudo apt update)
சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் (sudo apt install smartmontools)

அதன்பின், முன்னைய பட்டியலில் டிஸ்க்கின் பெயர் எஸ்டிஏ என்று வந்திருந்தால்:

சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ (sudo smartctl -a /dev/sda)

பெயர் என்விஎம்இ என்று தொடங்கினால் அது என்விஎம்இ வகை எஸ்எஸ்டி; அப்போது கடைசிப் பகுதியில் /டெவ்/என்விஎம்இ0 (/dev/nvme0) என்று கொடுக்க வேண்டும். டிஸ்க் தன்னுள் வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ என்னும் பதிவேடு முழுவதும் திரையில் ஓடும். மேலே ‘பாஸ்ட்’ என்று வரும் ஒற்றை வரியைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஏதாவது ஒரு மதிப்பு தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் அந்த வரி மாறும், அதற்கு வெகு முன்பே டிஸ்க் நம்பத்தகாததாகிவிடலாம்.

ஹார்ட் டிஸ்க்கிலும், எஸ்டிஏ போன்ற பெயரில் வரும் சாட்டா வகை எஸ்எஸ்டியிலும் கீழே வரும் அட்டவணையில் எண் 5, 9, 197, 198 ஆகிய வரிகளைத் தேடி, அவற்றின் கடைசிப் பத்தியில் உள்ள மூல மதிப்பைப் படியுங்கள். எண் 5, படிக்க முடியாமல் போய் மாற்றிடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்களின் (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்களின்) எண்ணிக்கை. 197, படிக்க இயலாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டார்கள். 198, டிஸ்க் தானே நடத்திய தேடலில் சரிசெய்ய முடியாமல் விட்டவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 197-இல் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த டிஸ்க்குக்கு நான் விலை தரமாட்டேன். லேப்டாப் பிடித்திருந்தால் புது எஸ்எஸ்டியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுவேன். எண் 9, டிஸ்க் ஓடிய மணிநேரம். ஓராண்டு இடைவிடாமல் ஓடினால் 8,760 மணி வரும். அலுவலகத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடிய இயந்திரத்தில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி சேரும். ‘மிகக் குறைவாகப் பயன்படுத்தியது’ என்ற சொல்லை இந்த எண்ணோடு வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

என்விஎம்இ எஸ்எஸ்டியில் எண்ணிட்ட வரிகளுக்குப் பதில் பெயர்கள் இருக்கும். ‘பெர்சென்டேஜ் யூஸ்டு’ என்பது உத்தரவாத ஆயுளில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று தயாரிப்பாளர் போடும் கணக்கு. அது 100-ஐத் தாண்டியும் போகலாம், தாண்டிய உடனே எஸ்எஸ்டி நின்றுவிடும் என்று பொருளில்லை. ‘அவெய்லபிள் ஸ்பேர்’ 100-இலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தாலோ, ‘மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்’ பூஜ்யமாக இல்லாவிட்டாலோ அதுவே கவலைக்குரியது.

பதிவேடு சுத்தமாக இருந்தால் டிஸ்க் நிச்சயம் நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்துக் கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கெட்டுப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேலானவை, கேடு வருவதை வலுவாக முன்னறிவிக்கும் நான்கு ஸ்மார்ட் மதிப்புகளில் எதிலும் ஒரு பிழையைக்கூடப் பதிவுசெய்யாமலே கெட்டுப்போயிருந்தன. அதே ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை தோன்றிய டிஸ்க் அடுத்த 60 நாளில் கெட்டுப்போகும் வாய்ப்பு, பிழையில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்றும் கண்டார்கள். அதாவது இந்தப் பதிவேடு ‘கெட்டது’ என்று சொன்னால் நம்பிவிடுங்கள். ‘நல்லது’ என்று சொன்னால் அதைப் பாதி நம்பிக்கையோடு ஏற்றுக்கொண்டு, முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்திலும் ஒரு நகல் வைத்திருங்கள்.

பதிவேட்டையே திருத்துபவர்களும் இருக்கிறார்கள். 2025-இன் தொடக்கத்தில், ஜெர்மனியில் புதியவை என்று விற்பனையான சீகேட் டிஸ்க்குகள் பல, ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணிநேரம் ஓடியவை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. வழக்கமான ஸ்மார்ட் பதிவேட்டில் மணிநேரம் அழிக்கப்பட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் டிஸ்க்குகள் தனியே வைத்திருக்கும் ஃபார்ம் என்ற பதிவில் பழைய கணக்கு அப்படியே இருந்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸின் 7.4 பதிப்பிலிருந்து ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் ‘-ஏ’ இருந்த இடத்தில் ‘-எல் ஃபார்ம்’ (-l farm) என்று கேட்டு அதைப் படிக்கலாம். சீகேட் டிஸ்க் கைக்கு வந்தால் இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேரமிருந்தால் டிஸ்க்கைத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளச் சொல்லலாம். அதே ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் ‘-ஏ’ இருந்த இடத்தில் ‘-டி ஷார்ட்’ (-t short) என்று கொடுத்தால் பொதுவாக இரண்டு நிமிடத்தில் முடியும் சோதனை பின்னணியில் ஓடும். ‘-எல் செல்ஃப்டெஸ்ட்’ (-l selftest) என்று கேட்டால் அதன் முடிவு வரும். ‘-டி லாங்’ (-t long) பரப்பு முழுவதையும் படித்துப் பார்க்கும், ஹார்ட் டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் ஆகும். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றிரவே அதை ஓட்டிவிடுங்கள், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.

வைஃபை, ஈதர்நெட், கிராஃபிக்ஸ் ஆகியவற்றுக்கு ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ (lspci -nnk) என்ற கட்டளை. மதர்போர்டின் பிசிஐ என்னும் இணைப்பு வழியில் இணைந்த ஒவ்வொரு சிப்பும் தன் தயாரிப்பாளரின் எண்ணையும் தன் மாடல் எண்ணையும் தானே சொல்கிறது. 8086 என்றால் இன்டெல், 10டிஈ (10de) என்றால் என்விடியா, 14ஈ4 (14e4) என்றால் பிராட்காம். அதன் கீழே எந்த இயக்கி (டிரைவர்) அதை இப்போது நடத்துகிறது என்ற வரி இருக்கும். அந்த வரியே இல்லாமல் இருந்தாலோ, எல்எஸ்ஹெச்டபிள்யூ பட்டியலில் அந்தப் பாகத்தின் அருகே ‘அன்க்ளெய்ம்டு’ என்று இருந்தாலோ, சிப் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அதை நடத்த இயக்கி கிடைக்கவில்லை என்று பொருள். பிராட்காம் வைஃபை சிப்புகளில் இது அடிக்கடி நேர்வதுண்டு. உரிய இயக்கியை நிறுவினால் சரியாகிவிடும். சிப் பட்டியலிலேயே இல்லை என்றால் பயாஸில் அணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கும் அது தென்படாவிட்டால் பாகமே பழுதாகியிருக்கலாம் அல்லது கழற்றப்பட்டிருக்கலாம்.

ஈதர்நெட் துளையைக் கேபிள் செருகிச் சோதிப்பது அவசியம். ‘சூடோ எல்எஸ்ஹெச்டபிள்யூ -கிளாஸ் நெட்வொர்க்’ என்று கேட்டு, ‘கப்பாசிட்டி’ ஒரு கிகாபிட் என்றும் ‘சைஸ்’ 100 மெகாபிட் என்றும் வந்தால், உடனே லேப்டாப்பைக் குறை சொல்லாதீர்கள். கிகாபிட்டுக்குக் கேபிளில் உள்ள எட்டுக் கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இணைப்பு இப்படி இறங்கிவிடும். மறுமுனையில் இருக்கும் ரூட்டரே 100 மெகாபிட் வகையாகவும் இருக்கலாம். நல்ல கேபிளாலும் கிகாபிட் ரூட்டராலும் சோதித்த பிறகும் 100-லேயே நின்றால், லேப்டாப்பின் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எட்டுப் பின்களில் ஒன்று வளைந்திருக்கும் அல்லது பச்சை பிடித்திருக்கும்.

யூஎஸ்பி துளைகளுக்கு ‘எல்எஸ்யூஎஸ்பி -டி’ (lsusb -t) போதும். யூஎஸ்பி 3 பென் டிரைவை ஒவ்வொரு துளையிலும் செருகி, வரியின் கடைசியில் 5000எம் வருகிறதா 480எம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவும் புளூடூத்தும் பெரும்பாலும் இதே பட்டியலில்தான் இருக்கும்.

பேட்டரிக்கு ‘யூபவர் -டி’ (upower -d) என்று அடித்து, ‘எனர்ஜி-ஃபுல்’, ‘எனர்ஜி-ஃபுல்-டிசைன்’ என்ற இரு எண்களை எடுங்கள். தயாரித்தபோது 50 வாட்-மணி இருந்து இப்போது 32 என்றால், 64 சதவீதம்தான் மிச்சம். இதுவும் பேட்டரிக்குள் இருக்கும் சிப் தானே போடும் கணக்குதான். ஆகவே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, மற்றச் சோதனைகளை எல்லாம் பேட்டரியிலேயே செய்யுங்கள். அரை மணி நேரத்தில் சதவீதம் எவ்வளவு இறங்குகிறது என்பதே நம்பத்தக்க சோதனை.

இதுவரை கேட்டவை எல்லாம் சும்மா இருக்கும் இயந்திரத்திடம். சுமை ஏற்றினால்தான் வெப்பப் பழுது வெளிப்படும். ஸ்ட்ரெஸ்-என்ஜி, எல்எம்-சென்சார்ஸ் என்ற இரண்டு தொகுப்புகளையும் நிறுவி, ஒரு சாளரத்தில் ‘வாட்ச் சென்சார்ஸ்’ என்பதை ஓடவிட்டு, மற்றொன்றில் இதைக் கொடுங்கள்:

ஸ்ட்ரெஸ்-என்ஜி --சிபியூ 0 --டைம்அவுட் 300எஸ் (stress-ng --cpu 0 --timeout 300s)

எல்லாக் கோர்களும் ஐந்து நிமிடம் முழு வேகத்தில் உழைக்கும். இன்டெலின் பல லேப்டாப் சிப்புகளுக்கு எல்லை 100 டிகிரி. சில நொடிகளிலேயே அதைத் தொட்டு அங்கேயே நின்றால், விசிறியில் தூசி அடைத்திருக்கும் அல்லது வெப்பப் பசை காய்ந்திருக்கும். கடையில் சுத்தம் செய்யக்கூடியதுதான், ஆனால் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். சோதனை நடக்கும்போதே இயந்திரம் அணைந்துபோனால் அந்த லேப்டாப்பை விட்டுவிடுங்கள்.

ரேமை முழுமையாகச் சோதிக்க மெம்டெஸ்ட்86+ என்ற தனிக் கருவியைப் பென் டிரைவிலிருந்து நேரடியாகப் பூட் செய்ய வேண்டும். இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும்போது அது பிடித்துவைத்திருக்கும் ரேமைச் சோதிக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பு, பழைய பயாஸின் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐ உள்ள இயந்திரங்களிலும் ஓடுகிறது. ஒரு சுற்று முடிய அரை மணிக்கு மேலும் ஆகலாம். ரேமில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ‘ஒன்றுதானே’ என்று விட்டால் கோப்புகள் ஓசையின்றிச் சிதைந்துகொண்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் பிறகு ‘சூடோ டிமெசேஜ்’ பதிவை ஒருமுறை புரட்டுங்கள். இந்தக் கட்டளையை மட்டும் ஒலிப்பின்படி அடிக்காமல் டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகளாக அடிக்க வேண்டும். ‘ஹார்ட்வேர் எரர்’ என்ற சொற்களோ, வெப்ப எல்லை தாண்டியதால் ப்ராசஸர் வேகம் குறைக்கப்பட்டது என்ற செய்தியோ, டிஸ்க்கின் பெயரோடு ‘ஐ/ஓ எரர்’ என்ற வரியோ இருந்தால், மேலே உள்ள சோதனைகள் தவறவிட்டதைக் கெர்னல் கண்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் ‘சூடோ டிஎம்ஐடீகோட் -எஸ் சிஸ்டம்-சீரியல்-நம்பர்’ (sudo dmidecode -s system-serial-number) என்று அடித்து, வரும் எண்ணை லேப்டாப்பின் அடிப்பக்க லேபிளோடும் பில்லோடும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் மதர்போர்டு மாற்றப்பட்டிருக்கலாம், அடிமூடி வேறோர் இயந்திரத்தினுடையதாக இருக்கலாம், அல்லது உடைமையே சிக்கலாக இருக்கலாம். விளக்கம் கிடைக்கும்வரை பணம் கொடுக்க வேண்டாம். எண் பொருந்தினால், எல்எஸ்ஹெச்டபிள்யூவின் முழு அறிக்கையை ‘-ஹெச்டிஎம்எல்’ என்ற தேர்வோடு ஒரு கோப்பில் சேமித்து, ஸ்மார்ட்சிடிஎல் தந்ததையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி ஓட்டும்போது எந்த எண் ஏறியிருக்கிறது என்பதைப் பார்க்க அது வேண்டும். அறிக்கையை உதவிக்காக வேறொருவருக்கு அனுப்புவதானால் ‘-சானிடைஸ்’ என்ற தேர்வையும் சேர்த்து எடுத்த தனிப் பிரதியை அனுப்புங்கள். அது வரிசை எண்களையும் ஐபி முகவரியையும் நீக்கிவிடும்.